கலவாத் தலை

குமணன்சாவடி பஸ் நிறுத்தத்துக்குப் பின்னால் எனக்கு ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அதற்கு நேர் எதிரே, சந்துக்கு அந்தப் பக்கம், சாமுண்டீஸ்வரியின் மீன்கடை. கடை என்றால் ஒரு மேசை, ஒரு அருவாமனை, இரண்டு தெர்மாகோல் பெட்டி, மேலே நீலத் தார்ப்பாய். பதினேழு வருஷமாக எதிரெதிரே உட்கார்ந்து சண்டை போட்டிருக்கிறோம். மீன் கழுவிய தண்ணீரை ஊற்றுவாள், அது என் வாசலுக்கு வரும், நான் கத்துவேன். "தண்ணிக்கு கண்ணா கீது அண்ணாத்தே, அது பள்ளம் பாத்து போவுது" என்பாள். இத்தனைக்கும் எனக்கு மீன் ஆகாது. ஒரு துண்டு வாயில் பட்டாலே உடம்பெல்லாம் தடித்துவிடும். அப்படிப்பட்டவனுக்கு எதிரிலா ஒரு மீன்காரி வந்து உட்கார வேண்டும்? என் ராசி அப்படி.

இதை முதலிலேயே சொல்லிவிடுவது நல்லது. அந்த வாரம் நான் சொன்னதை யாரும் காதில் போட்டுக்கொள்ளாததற்கு இதுதான் காரணம்.

சாமுண்டி கடற்கரைக்காரி இல்லை. திருவேற்காட்டில் கோயிலுக்குப் பூக்கட்டுகிற வீட்டில் பிறந்தவள். கட்டிக்கொண்டவர் ஐஸ் வண்டியில் லோடு ஏற்றுகிறவர். ஒரு மழைக்காலத்தில் காய்ச்சல் வந்து நாலே நாளில் போய்ச் சேர்ந்தார். பிள்ளைகுட்டி இல்லை. அப்போது அவளுக்கு இருபத்தெட்டு வயது. அன்னக்கூடையில் மீனை எடுத்துக்கொண்டு ஆவடி குவார்ட்டர்ஸில் வீடுவீடாக ஏறி இறங்கினாள். பாக்டரியில் வேலை பார்ப்பவர்களின் வீட்டுப் பெண்கள், தூத்துக்குடி, நாகப்பட்டினம் என்று மீன் தின்றே வளர்ந்தவர்கள். செவுள் வெளுத்திருந்தால் கூடையோடு திருப்பி அனுப்புவார்கள். அவர்கள் திட்டித் திட்டியே இவளை நல்ல மீன்காரி ஆக்கிவிட்டார்கள்.

அதனால் அவளுக்கு மூன்று கணக்குகள்தான். கண் பளிச்சென்று இருக்க வேண்டும். செவுள் சிவந்திருக்க வேண்டும். விரலால் அமுக்கினால் பள்ளம் விழக்கூடாது. இதைத் தான் மட்டும் பார்த்தால் போதாது, வாங்க வந்தவரையும் பார்க்கவைப்பாள். "நீயே தூக்கிப் பாரும்மா, நாளைக்கு என்ன கொற சொல்லக்கூடாது" என்று மீனைக் கையில் திணிப்பாள். இத்தனை வருஷத்தில் அவளிடம் வாங்கிய மீன் வயிற்றைக் கெடுத்தது என்று ஒருத்தரும் வந்து நின்றதில்லை. எதிரில் உட்கார்ந்திருந்த எனக்கே அது தெரியும். அவளால் என் கடையில் வயிற்றுப்போக்கு மாத்திரை ஒன்றுகூடக் கூடுதலாக விற்றதில்லை.

இன்னொரு பழக்கமும் உண்டு. பெரிய மீன் வந்தால் தலையை விற்க மாட்டாள். ஈரலையும் சினையையும் கூட. எவ்வளவு கேட்டாலும் கிடையாது. அது உடம்பு தேற வேண்டியவர்களுக்கு. பிள்ளை பெற்றவள், ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவர், கல்யாணமாகி விருந்துக்கு வந்திருக்கும் மாப்பிள்ளை என்று அவளே முடிவு செய்து, வாழை இலையில் கட்டி, யார் கையிலாவது கொடுத்தனுப்புவாள். என் மனைவி கஸ்தூரிக்கு ஆபரேஷன் ஆனபோது ஒரு வஞ்சிரத் தலை வந்தது. நான் மூக்கைப் பிடித்துக்கொண்டு மொட்டை மாடிக்குப் போய்விட்டேன். மீனிலேயே சத்து அதிகம் இந்த மூன்றில்தான் என்பது அவளுடைய நம்பிக்கை. அவள் சொன்னதில் தப்பில்லை. ஒரு மீன் தின்றதெல்லாம் கடைசியில் அங்கேதான் போய்ச் சேர்கிறது. நல்லதும் சரி, மற்றதும் சரி.

போன வருஷம் அந்தத் தலைகளெல்லாம் ஷர்மிளாவுக்குத்தான் போயின. சென்னீர்குப்பத்தில் ஒரு மாடி போர்ஷனில் குடியிருக்கும் பெண். புருஷன் கிஷோர், அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிறவன். வீட்டை எதிர்த்துக் கட்டிக்கொண்டார்கள், அதனால் பிரசவத்துக்குக் கூப்பிட அம்மா வீடு இல்லை. பெண் குழந்தை பிறந்தது. ஆஸ்பத்திரி வாசலில் துணைக்கு நின்றது சாமுண்டி. பால் ஊற வேண்டும் என்று சுறாப் புட்டு, காரப்பொடி மீன் குழம்பு எல்லாம் இங்கிருந்துதான் போயிற்று. புரட்டாசியில் ஊரே மீனை விட்டிருந்தபோது, "பச்ச ஒடம்புக்கு பொரட்டாசி ஏது" என்று சொல்லி அவளுக்கு மட்டும் அனுப்பிக்கொண்டிருந்தாள். ஷர்மிளா அவளை "அத்தே" என்றுதான் கூப்பிடுவாள். அந்த ஒரு வார்த்தைக்காகச் சாமுண்டி எதையும் செய்வாள் என்பது சந்துக்கே தெரியும்.

அந்தப் புரட்டாசியில்தான் கிஷோர் ஒருநாள் செல்போனை நீட்டினான். சிநேகிதர்களோடு பைக்கில் கடற்கரைக்குப் போயிருக்கிறான். அலை உடைகிற இடமெல்லாம் நீல வெளிச்சம். ஏதோ பாசி என்று சொல்லிக்கொண்டார்களாம். நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். சாமுண்டி எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தாள்.

"இன்னாத்த ரசிக்கிறீங்க? கடலுக்கு ஒடம்பு சரியில்ல. காசிமேட்ல எல்லாம் அப்டித்தான் பேசிக்கிறாங்க. தெக்க ஒரு பக்கம் தண்ணியே பச்சையா கொழகொழன்னு கீதாம். மீனு செத்து ஒதுங்குதாம்."

"அப்ப நீ மீன் விக்காதே" என்றேன்.

"செத்து ஒதுங்குனத நான் ஏன் அண்ணாத்தே வாங்கப்போறேன்? நான் வாங்குறது துள்ற மீனு" என்றாள்.

ஐப்பசி பிறந்த முதல் ஞாயிறு. ஒரு மாதம் ஈ ஓட்டிக்கொண்டிருந்த கடையில் காலை ஆறரைக்கே கூட்டம். லோடு ஆட்டோவிலிருந்து இரண்டு பேர் பிடித்து இறக்கினார்கள், பதினாறு கிலோ கலவா மீன். தெற்கே எங்கேயோ பாறைக் கடலில் பிடித்து ஐஸில் வைத்து லாரியில் வந்ததாம். அவள் வாழ்க்கையிலேயே அவ்வளவு பெரிய கலவாவை வெட்டியதில்லை. செவுளைத் தூக்கி என் பக்கம் காட்டினாள். "பாரு அண்ணாத்தே, குங்குமம் கணக்கா கீது!"

நான் பார்க்கவில்லை. பார்த்திருந்தால் மட்டும் என்ன?

வயிற்றுப் பக்கத் துண்டுகள் ஷவுகத் அலிக்கு. பூந்தமல்லியில் பிரியாணி அண்டா வாடகைக்கு விடுகிறவர், என் கடைக்கும் வாடிக்கை. நடுத்துண்டு பலருக்குப் போயிற்று, அதில் ஆட்டோ ஓட்டும் சம்பந்தமும் ஒருவன். தலையைக் கத்தியால் இரண்டாகப் பிளந்தாள். ஒரு பாதி, அதோடு முழு ஈரல், இரண்டு கை நிறையச் சினை, எல்லாம் அன்றைக்கே ஷர்மிளாவுக்கு. இன்னொரு பாதியைப் பெட்டியில் ஐஸுக்கு அடியில் வைத்தாள், வாரத்தின் நடுவில் அனுப்ப. தனக்கு என்று எடுத்துக்கொண்டது வால். எப்போதும் அப்படித்தான், கடைசியில் மிஞ்சுவதுதான் அவளுக்கு.

திங்கட்கிழமை நான் கடை திறக்குமுன்பே ஷவுகத் அலி வாசலில் நின்றிருந்தார். முகம் வெளுத்திருந்தது.

"ராத்திரிலேர்ந்து வாந்தி, பேதி. அது கெடக்கட்டும் உத்தமண்ணே. காலைல ஃப்ரிட்ஜ் தண்ணி எடுத்துக் குடிச்சேன். வாயெல்லாம் வெந்து போச்சு."

"வெந்நீரை மாத்தி எடுத்திருப்பீங்க பாய்."

"ஐஸ் தண்ணின்றேன்! நெருப்பு மாதிரி சுடுதுண்ணே. ஒதட்ல எறும்பு ஊர்ற மாதிரி கீது."

நான் சிரித்தேன். இன்றைக்கும் என் மேல் எனக்கு ஆத்திரமாக வருவது அந்தச் சிரிப்புக்குத்தான். உப்பு சர்க்கரைப் பொடியும் வயிற்றெரிச்சலுக்கு மாத்திரையும் கொடுத்து, தண்ணீர் நிறையக் குடியுங்கள் என்று அனுப்பினேன். எந்தத் தண்ணீரைக் குடிப்பது என்று அவர் கேட்டுக்கொண்டே போனார்.

அன்று சாயங்காலம் தூறல். சம்பந்தம் ஆட்டோவை என் கடை முன்னால் நிறுத்திவிட்டுத் திட்டிக்கொண்டிருந்தான். ஈரமான கம்பியில் கை வைத்தால் ஷாக் அடிக்கிறதாம். மதியம் மெக்கானிக்கிடம் விட்டு ஒயரிங் முழுவதையும் பிரித்துப் பார்த்தாகிவிட்டதாம். "அவன் புடிச்சா ஒண்ணும் இல்லன்றான். நான் புடிச்சா சுள்ளுன்னு ஏறுது. எனுக்கு மட்டும் கரெண்டு தனியா வருதா இன்னா?" சிரிக்க வேண்டிய விஷயம்தான். எனக்கு இந்தத் தடவை சிரிப்பு வரவில்லை. மழையில் நனைந்த கம்பி என்றால் சில்லென்றுதானே இருக்கும்?

"வயிறு எப்படி இருக்கு?" என்று கேட்டேன்.

"நேத்து நைட்டு ரெண்டு தபா போச்சு. ஏன்?"

"நேத்து என்ன சாப்பிட்ட?"

"கலவாதான். ஊரே அதான் துன்னிச்சு."

செவ்வாய்க்கிழமை கிஷோர் வந்தான். குழந்தைக்கு வயிற்றுப்போக்கு, சொட்டு மருந்து வேண்டும் என்றான். நாற்பத்து மூன்று நாள் குழந்தை. உடம்பெல்லாம் சிவந்து தடித்திருக்கிறது, பால் குடித்துவிட்டு வீறிடுகிறது, பிறகு சோர்ந்துவிடுகிறது. பக்கத்து கிளினிக்கில் காட்டினானாம், செரிமானக் கோளாறு என்றார்களாம்.

"ஷர்மிளா எப்படி இருக்கா?" என்று கேட்டேன்.

"அவளுக்கும் முடியல அங்கிள். காலு வலி, சரியா நிக்க முடியல. கொழாத் தண்ணில கை வச்சா எரியுதுன்றா. பச்ச ஒடம்பு, சூடுன்னு கீழ் வூட்ல சொல்றாங்க."

"கலவாக் குழம்பு இன்னும் இருக்கா?"

"இருக்கு அங்கிள். மீன் கொழம்பு ரெண்டா நாளு மூணா நாளுதான டேஸ்ட்டு. சுட வச்சி சுட வச்சி அவதான் சாப்டறா. நான் நைட் ஷிப்ட்டு, கேன்டீன்லயே துன்னுட்றேன்."

நான் படித்தது டிப்ளமோ. பெரிய டாக்டர் இல்லை. ஆனால் மூன்று வீடு, ஒரே மீன், மூன்று பேருக்கும் சில்லென்ற தண்ணீர் சுடுகிறது. இதற்குப் பெரிய படிப்பு தேவையில்லை. "அந்தக் குழம்பைக் கொட்டுடா. கொஞ்ச நாளைக்குத் தாய்ப்பாலை நிறுத்து. இப்பவே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போ" என்றேன்.

அவன் என்னைப் பைத்தியக்காரனைப் போலப் பார்த்தான். "இன்னா அங்கிள், எல்லா டாக்டரும் தாய்ப்பால்தான் குடுக்கச் சொல்றாங்க. நீங்க நிறுத்தச் சொல்றீங்க?" நேரே சந்தைத் தாண்டிப் போய்ச் சாமுண்டியிடம் சொன்னான்.

அவள் அருவாமனையை விட்டு எழுந்து வந்தாள். அதுவே எனக்கு ஆச்சரியம், வியாபார நேரத்தில் அவள் எழுந்து நான் பார்த்ததில்லை.

"எம் மீன்ல இன்னா கொற அண்ணாத்தே?"

"குறை என்னன்னு எனக்குத் தெரியாது சாமுண்டி. ஆனா மீன்லதான் இருக்கு."

"செவுளு செவப்பு. கண்ணு பளிங்கு. நாத்தம் இல்ல, நசுங்கல் இல்ல. நானும்தான் துன்னேன். எனுக்கு இன்னா ஆச்சு?"

"நீ தின்னது வாலு."

"வாலு வேற மீனா? ஒனக்கு மீனுன்னாலே ஆவாது. பதினேழு வருசமா என்ன இங்கேர்ந்து கெளப்பணும்னு பாக்குற. அதுக்கு ஒரு பச்சப் புள்ளையயா இழுப்ப?"

கூட்டம் சிரித்தது. கிஷோரும் தலையைக் குனிந்துகொண்டு சிரித்தான். அவளுக்கு என் மேல் கோபம் இல்லை, பயம்; அவள் கை புடவையைக் கசக்கிக்கொண்டிருந்ததை நான் பார்த்தேன். ஊரில் அத்தனை பேருக்கும் தலை கொடுத்தவள் அவள். அந்தத் தலையிலேயே கோளாறு என்றால் அவளுக்கு என்ன மிஞ்சும்?

புதன்கிழமை மதியம். பெட்டியிலிருந்து அந்தப் பாதித் தலையை எடுத்தாள். ஷர்மிளாவுக்குப் போக வேண்டியது. கடைக்குப் பின்னால் இருந்த பம்ப் ஸ்டவ்வை சந்தின் நடுவில் கொண்டுவந்து வைத்து, புளி கரைத்து, எல்லோரும் பார்க்கக் குழம்பு வைத்தாள். ஒரு தட்டில் சோறு. என் கடை வாசலில், என் முகத்துக்கு நேரே சம்மணம் போட்டு உட்கார்ந்துகொண்டாள்.

"சாமுண்டி, வேண்டாம்" என்றேன். கௌரவம் பார்க்காமல் கீழே இறங்கி வந்து சொன்னேன். "அந்தக் குழந்தை மேல ஆணை, வேண்டாம்."

"அந்தக் கொயந்தைக்காகத்தான் துன்றேன். விஷம்னு ஒரு பேச்சு வந்தா அது பால் குடிக்காம ஆயிடும்ல?"

கன்னச் சதையைப் பிய்த்தாள். கண்ணை உறிஞ்சினாள். எலும்பை ஒவ்வொன்றாக உடைத்து உள்ளே இருந்ததையெல்லாம் சாப்பிட்டாள். கொஞ்சமும் மிச்சம் வைக்கவில்லை. பழக்கடைக்காரர், பூக்காரி, டீக்கடை ஆட்கள் எல்லாம் சுற்றி நின்றார்கள். தட்டை வழித்து நாக்கில் வைத்துக்கொண்டு, "பாத்துக்கோ" என்றாள்.

ஒன்றும் ஆகவில்லை. ஒரு மணி, இரண்டு மணி, மூன்று மணி, மீன் வெட்டிக்கொண்டுதான் இருந்தாள். நடுநடுவே என்னைப் பார்த்து விரலை ஆட்டிக் காட்டினாள். யாரோ அதை வீடியோ எடுத்துக் கிஷோருக்கு அனுப்பியும் விட்டார்கள். எனக்கு அவமானமாக இருந்தது. ரோஷத்தில் அன்று நேரத்தோடு ஷட்டரை இறக்கிவிட்டு வீட்டுக்குப் போய்விட்டேன். சென்னீர்குப்பம் பத்து நிமிஷ தூரம். நானே போய் அந்தப் பெண்ணிடம் நாலு வார்த்தை பேசியிருக்கலாம். போகவில்லை. அவளுக்கு ஒரு கர்வம், எனக்கு ஒரு ரோஷம், நடுவில் மாட்டிக்கொண்டது ஒரு கைக்குழந்தை.

வியாழக்கிழமை காலை ஆறேகால். கடை திறக்க வருகிறேன், என் படியில் சாமுண்டி உட்கார்ந்திருக்கிறாள். இரண்டு கையையும் முந்தானைக்குள் சுற்றி வைத்திருந்தாள். எதிரில் மீன் பெட்டி திறந்து கிடந்தது. ஐஸ் கட்டிகள் தரையில் சிதறியிருந்தன.

"அண்ணாத்தே" என்றாள். குரலே அவளுடையதாக இல்லை. "ஐஸு சுடுது."

கடைச் சாவியைக் கீழே வைத்துவிட்டு அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"கைய வுட்டேன். கொள்ளிக்கட்டைய புடிச்சாப்புல கீது. இருவது வருசமா இந்த ஐஸுலதான பொழப்பு..." கையை எடுத்துப் பார்த்தாள். கையில் ஒன்றும் இல்லை, ஒரு சிவப்புகூட இல்லை. "அந்தப் புள்ளைக்கு போன் போடு. பால் குடுக்காதன்னு சொல்லு. கொழம்ப கொட்டச் சொல்லு. சீக்கிரம் போடு அண்ணாத்தே!"

போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது, யாரும் எடுக்கவில்லை. சம்பந்தத்தின் ஆட்டோவைக் கூப்பிட்டு இரண்டு பேரும் ஏறினோம். அவன் கையில் கிழிந்த துணியைச் சுற்றிக்கொண்டு கைப்பிடியைப் பிடித்தான். வழியில்தான் அவள் சொன்னாள்.

"நேத்து வெளக்கு வெக்கிற நேரத்துலயே ஒதடு மரத்துப் போச்சு. அப்பறம் வாந்தி. தெரிஞ்சுபோச்சு எனுக்கு."

"நேத்து சாயங்காலமேவா?"

"ஆமா."

"ஏன் சொல்லலை?"

அவள் ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "எந்த மூஞ்ச வச்சிகினு சொல்றது? காலைல சரியாயிடும், சரியாயிட்டா யாருக்கும் தெரியவேணாம்னு... வேண்டிகினேன் அண்ணாத்தே. மாரியாத்தா, விடிஞ்சா சரியாவணும்னு வேண்டிகினே கெடந்தேன்."

பன்னிரண்டு மணி நேரம். கைக்குழந்தை அதற்குள் ஆறேழு தடவை பால் குடிக்கும். நான் அவளிடம் அதைச் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை, அவள் விரல் மடக்கி எண்ணிக்கொண்டுதான் வந்தாள்.

ஷர்மிளா கட்டிலில் கிடந்தாள். எழுந்திருக்க முடியவில்லை, மின்விசிறி காற்றுப் படாமல் கம்பளியைப் போர்த்தியிருந்தாள். ஐப்பசிப் புழுக்கத்தில் கம்பளி. பக்கத்தில் குழந்தை. அழவில்லை. அழாமல் இருந்ததுதான் எனக்குப் பயத்தைக் கொடுத்தது. கண் பாதி திறந்திருந்தது, கையைத் தூக்கிவிட்டால் துணி போலக் கீழே விழுந்தது. சமையல் மேடையில் குழம்புச் சட்டி, அடி தெரியும்படி வழித்துக் காலியாக இருந்தது.

"அத்தே," என்றாள் ஷர்மிளா, "வீடியோ பாத்தேன். நீங்களே துன்னுட்டீங்கல்ல, அப்பறம் எனுக்கு இன்னா பயம்? நேத்து மீதிய நானே முடிச்சிட்டேன்."

சாமுண்டி சுவரைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தாள். குழந்தையை நான்தான் தூக்கினேன்.

அரசு ஆஸ்பத்திரியில் ஒரு சின்ன வயது டாக்டரம்மா. தண்ணீர் சுடுகிறது என்று சொன்னவுடனே பேனாவைக் கீழே வைத்துவிட்டு, "என்ன மீன்?" என்று கேட்டார். ஒருவராவது கேட்டாரே என்று எனக்கு அழுகை வந்துவிட்டது. அப்புறம் நிதானமாகச் சொன்னார். பவளப்பாறையில் கண்ணுக்குத் தெரியாத ஒரு பாசி வளர்கிறது. கடல் சூடாகச் சூடாக அது பெருகுகிறது. அதை மேய்கிற சின்ன மீன்களின் உடம்பில் அதன் விஷம் ஏறுகிறது. சின்னதைத் தின்கிற பெரியதில் அது சேர்ந்துகொண்டே போகிறது. மீனுக்கு ஒன்றும் ஆகாது, மனிதனுக்குத்தான் ஆகும். தலை, ஈரல், சினையில் அதிகம். சிகுவடெரா என்று ஒரு பெயரும் சொன்னார். செல்போனில் மின்னிய நீலம் அதுதானா என்று கேட்டேன். அது வேறு பாசி, இது மின்னாது என்றார்.

"மோந்து பாத்தா தெரியாதா டாக்டரம்மா?" என்றாள் சாமுண்டி.

"தெரியாதும்மா."

"செவுள பாத்தா?"

"தெரியாது. வேகவெச்சாலும் போகாது. ஐஸ்ல வெச்சாலும் போகாது. புது மீன், பழைய மீன்ங்கறதுக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல."

சாமுண்டியையும் அங்கேயே படுக்கவைத்துவிட்டார்கள்.

சுகாதாரத் துறையிலிருந்து இரண்டு பேர் வந்தார்கள், பரிசோதனைக்கு அந்த மீனில் ஒரு துண்டு கிடைக்குமா என்று கேட்டார்கள். மீதியிருந்தது ஒரே ஒரு பாதித் தலை. அதை அவள்தான் என் வாசலில் உட்கார்ந்து எலும்போடு சாப்பிட்டுவிட்டாளே. எழுதிக்கொண்டு போனார்கள். அந்தக் கலவா எந்தக் கடலில் பிடித்தது, அங்கே இன்னும் எத்தனை இருக்கின்றன என்று யாருக்கும் தெரியாது.

குழந்தை பிழைத்தது. ஒன்பது நாள், மூக்கில் குழாய், கையில் ஊசி. எட்டாம் நாள் வீறிட்டு அழுதபோது அந்த வார்டே சிரித்தது. ஷர்மிளா சுவரைப் பிடிக்காமல் நடக்க ஒன்றரை மாதம் ஆயிற்று. பால் வற்றிவிட்டது, பிறகு ஊறவே இல்லை. ஷவுகத் அலி இரண்டு மாதம் வெந்நீரில்தான் வாய் கொப்பளித்தார். ஒருவரும் சாமுண்டியைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் அவளுக்குக் கொஞ்சம் ஆறியிருக்கும் என்று நினைக்கிறேன்.

தை மாதம் மறுபடி கடை போட்டாள். பெரிய மீன் கிடையாது. நெத்திலி, காரப்பொடி, சுதும்பு என்று பொடி மீன்கள், அவ்வளவுதான். ஐஸ் பெட்டியை அவள் திறப்பதில்லை. தடித்த ரப்பர் கையுறை மாட்டிக்கொண்டும் முடியவில்லை, டீக்கடை ஆட்கள்தான் அள்ளிப் போடுகிறார்கள். மீன் கழுவிய தண்ணீர் என் வாசல் பக்கம் வருகிறது. நான் கத்துவதில்லை.

சித்திரையில் ஒரு ஞாயிறு ஷர்மிளா வந்தாள். இடுப்பில் குழந்தை, ஏழு மாதம் முடிந்திருந்தது, இரண்டு பல் முளைத்திருந்தது. கன்னத்தில் பெரிய திருஷ்டிப் பொட்டு.

"அத்தே, பாப்பாவுக்கு மொத மொத மீனு ஊட்டலாம்னு கீறோம். உங்க கையால நல்லதா ஒண்ணு எடுத்துக் குடுங்க."

நான் மாத்திரை அட்டையைக் கையில் வைத்தபடி நின்றுவிட்டேன். இவ்வளவு நடந்த பிறகும் ஒரு பெண்ணால் இப்படிக் கேட்க முடியுமா? ஷர்மிளாவால் முடிந்தது.

சாமுண்டி குவியலில் ஒரு மீனைப் பொறுக்கினாள். கண்ணைப் பார்த்தாள். செவுளைத் தூக்கிப் பார்த்தாள். விரலால் அமுக்கினாள். மறுபடியும் முதலிலிருந்து கண், செவுள், விரல். மூன்றாவது தடவையும் பார்த்தாள். சின்ன மீனுக்குப் பயமில்லை என்று டாக்டரம்மா சொன்னதை நானே அவளிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறேன். அந்த மீனில் ஒரு குறையும் இல்லை, எனக்கே தெரிந்தது. குழந்தை அவளைப் பார்த்துக் கையை நீட்டியது. அவள் மீனை மேசையில் வைத்துவிட்டாள்.

"எனுக்குத் தெரியலம்மா" என்றாள். "இப்போதிக்கு முட்டை ஊட்டு."

ஷர்மிளா அவள் தோளைத் தொட்டுவிட்டுப் போனாள். சாமுண்டி அந்தக் குழந்தை கண்ணிலிருந்து மறையும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

சந்தின் முனையில் புதிதாக ஒருவன் மீன்கடை போட்டிருக்கிறான். அன்று அவன் மேசையில் இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் ஒரு கலவா நீட்டிக் கிடந்தது. சுற்றிலும் கூட்டம். சாமுண்டியும் பார்த்தாள், நானும் பார்த்தேன். ஒருவர் செவுளைத் தூக்கி உள்ளே பார்த்துவிட்டு, "நல்லா செவப்பா கீதுப்பா, வெட்டு" என்றார்.